உடையாத பெட்டி

ஜூன் 3, செவ்வாய்

மூன்றாவது ஸ்டிக்கும் போய்விட்டது. வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. வீடியோ கேமில் சண்டை விளையாட்டுக்கென்றே செய்தது, ஆயுசுக்கும் உழைக்கும் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். மடியில் வைத்து ஆடுகிற பெட்டி அது. இடக்கைக்கு ஒரு லீவர், வலக்கைக்கு எட்டு பட்டன். முன்பெல்லாம் ஆர்கேடு கடைகளில் நின்றுகொண்டு ஆடுவோமே, அந்த மெஷினின் மேல்பலகையை மட்டும் பெயர்த்தெடுத்த மாதிரி இருக்கும். இன்று மாலை மடியிலிருந்து நழுவி விழுந்ததில் உடம்பு இரண்டாகப் பிளந்துவிட்டது. லீவரின் உருண்டை சோபாவுக்கு அடியில் கிடந்தது. ஒரு பட்டன் சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் கிடைத்தது. இந்த லட்சணத்தில்தான் தயாரிக்கிறார்கள்.

அது விழுந்த சமயத்தில் ஆன்லைனில் ஒருவனிடம் தோற்றிருந்தேன். ஒரே உதையைத் திரும்பத் திரும்ப உதைத்து ஜெயிக்கிற பிறவி. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

நான் பம்பு கம்பெனியில் தரச் சோதனை பார்க்கிறவன். ஒரு பொருள் ஏன் கெட்டது என்று கண்டுபிடித்து எழுதுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அடுத்த ஸ்டிக்கையாவது ஒழுங்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்காக இதை எழுத ஆரம்பிக்கிறேன்.

பிரவீணா எல்லாவற்றையும் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"இதோட மூணுங்க. இன்னும் ஒன்னு ஒடஞ்சுதுன்னா நான் உங்களோட ஆடமாட்டேன். பெங்களூருக்கும் வரமாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கல்யாணமான இந்த மூன்று வருடத்தில் அவள் எதையும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. பொதுவாகப் பெருமூச்சு விடுவாள், அதை நான்தான் மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூலைக் கடைசியில் பெங்களூரில் ஜோடிப் போட்டி. ஒருவர் தோற்றால் அவருடைய ஜோடி அதே எதிராளியோடு தொடர்ந்து ஆட வேண்டும். பிரவீணா வராவிட்டால் எனக்கு ஜோடி கிடையாது. கோயமுத்தூரில் வேறு யாரும் என்னோடு சேர்ந்து ஆட முன்வருவதில்லை. தங்களுக்குத் தகுதியில்லை என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. ஆகவே உடையாத ஸ்டிக் ஒன்று வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 5, வியாழன்

ஸ்டிக் விமரிசன வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். இப்படி ஒரு கூட்டம் பிழைக்கிறது என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். பாதி வீடியோ அட்டைப்பெட்டியைப் பிரிக்கிறார்கள். ஒருவன் தெர்மாகோலை முகர்ந்து பார்க்கிறான். இன்னொருவன் பட்டனை நாலு தட்டு தட்டிவிட்டு, "சத்தம் செம ப்ரோ" என்கிறான். சத்தம் கேட்கவா வாங்குகிறோம்? மிருதங்கம் வாங்கிக்கொள்ளலாமே. ஆறு மாதம் கழித்து அந்த ஸ்டிக் எப்படி இருக்கிறது என்று ஒருவனும் காட்டுவதில்லை. அதற்குள் அடுத்தது ஓசியில் வந்திருக்கும். ஒருத்தன்கூட கீழே போட்டுக் காட்டவில்லை.

இவ்வளவு குப்பையிலிருந்து தேறியது இதுதான். பட்டனில் இரண்டு வகை. ஒன்று ஓட்டையில் வைத்து அழுத்தினால் கவ்விக்கொள்ளும், அதிர்ந்தால் தெறிக்கும். மற்றது அடியிலிருந்து மரை போட்டு முடுக்குவது, அது தெறிக்காது. மேல்தகடு இரும்பாக இருந்தால் நல்லது. பெட்டி கனமாக இருந்தால் மடியில் ஆடாமல் நிற்கும். உள்ளே இருக்கிற சுவிட்சுகளைக் கழற்றி மாற்றுகிற வசதி வேண்டும்.

பிரவீணா ஆடுவது சாதாரண பேடில். இரண்டு கையாலும் பிடித்துக் கட்டைவிரலால் நோண்டுகிற சாமான். டிவி ரிமோட் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு ஆடுவாள். நான் சொல்லிக் கொடுத்துத்தான் இந்த விளையாட்டையே கற்றுக்கொண்டாள். என்னை அவள் ஜெயிப்பதெல்லாம் நான் புது உத்திகளைச் சோதித்துப் பார்க்கிற நாட்களில்தான். சமீபமாக நான் நிறையச் சோதிக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

காந்திபுரத்தில் நௌஃபல் கடைக்குப் போனேன். கேம் சாமான்கள் விற்கிறவன், நன்றாகவும் ஆடுவான், அதைவிட நன்றாகப் பேசுவான். நாலு ஸ்டிக்கை எடுத்துப் பரப்பினான். ஒன்றின் அடித்தகடு என் கட்டைவிரல் அழுத்தத்துக்கே உள்வாங்கியது. ஒன்று பார்க்க அழகு, உள்ளே எல்லாம் பற்றுவைத்து ஒட்டியிருந்தான், பழுது பார்க்க முடியாது. இன்னொன்றில் விளக்கு எரிகிறது. ஏழு வண்ணத்தில். ஐயப்பன் கோயில் பந்தலில் தொங்கவிடலாம்.

கடைசியில் லீவரே இல்லாத பெட்டி ஒன்றை எடுத்தான். எல்லாமே பட்டன்தான்.

"இத எடுத்துக்கங்கண்ணா. அசையற பாகமே கம்மி. நான் இதுலதான் ஆடறேன்."

டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு அது சரி. எனக்கு லீவர் வேண்டும் என்றேன். எது உடையாது, அதைச் சொல் என்றேன். அவன் ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெட்டியில் வைத்தபடி பேசினான்.

"கம்பெனிக்காரன் பட்டன லட்சக்கணக்குல அமுக்கிப் பாப்பான். லீவரச் சுத்திச் சுத்திப் பாப்பான். தேயுதான்னுதாண்ணா பாப்பான். நீங்க பண்றத அவன் டெஸ்ட் பண்ணியிருக்க மாட்டான்."

நான் என்ன பண்ணுகிறேனாம்? கேட்டதற்கு, "ஒன்னுமில்லண்ணா, அண்ணிய விசாரிச்சேன்னு சொல்லுங்க" என்றான். வியாபாரியிடம் நேரான பதில் வராது. சோதித்துப் பார்ப்பதற்காகக் கடையிலிருந்த பழைய ஸ்டிக் ஒன்றைக் கேட்டேன். கொடுக்க மனமில்லாமல் கொடுத்தான்.

ஜூன் 11, புதன்

குக்கருக்கு ரப்பர் வாங்கி வரச் சொன்னாள். மறந்துவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லித் தொலைத்தால் தேவலை.

ஜூன் 14, சனி

நௌஃபலின் ஸ்டிக்கில் சாயங்காலம் முழுவதும் பயிற்சி. லீவர் கொஞ்சம் தளர்ச்சி, மற்றபடி குறையில்லை.

பிரவீணா சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிறவள், இன்று ஒரு நாற்காலியைக் கதவோரமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அங்கே காற்று வருகிறதாம். ஃபேன் என் தலைக்கு நேர் மேலே சுற்றுகிறது, கதவோரத்தில் என்ன காற்று? ஷோகேஸில் இருந்த கண்ணாடிச் சாமான்களையும் படுக்கையறைக்கு மாற்றிவிட்டாள். தூசியாம். பெண்களுக்குச் சாமான்களை இடம் மாற்றுவதில் ஒரு சுகம்.

அவளிடம் மூன்று ஆட்டம் தோற்றேன். சோதனைதான். பிறகு நான் எழுந்து நின்றபோது அவளும் சட்டென்று எழுந்து நின்றாள். தண்ணீர் குடிக்கத்தான் எழுந்தேன்.

ஜூன் 19, வியாழன்

கடையில் விற்பது எதுவும் எனக்கு ஆகாது என்று முடிவாகிவிட்டது. கோயமுத்தூரில் பிறந்துவிட்டு இரும்புப் பெட்டிக்காகப் பிளாஸ்டிக் வியாபாரிகளின் காலில் விழுவானேன்? நல்ல லீவர், மரை போட்ட பட்டன்கள், சர்க்யூட் எல்லாம் தனித்தனியாக நௌஃபலிடம் வாங்கினேன். உடம்பை மட்டும் கணபதி பக்கம் ஒரு பட்டறையில் செய்யக் கொடுத்தேன்.

பட்டறைக்காரர் பெயர் துரைசாமி. ஓயாமல் பேசுகிற மனிதர். என் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஸ்டவ்வா என்று கேட்டார்.

"மூணு எம்எம் தகடுங்களா? மூலைக்கெல்லாம் வெல்டிங் வேற சொல்றீங்க. எதுக்குங்க இத்தன கனம்? இதும்மேல வண்டி ஏறுமுங்களா?"

"அடி தாங்கணும்."

"எதுங்க அடிக்கும்?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னால் நம் வேலை முடிந்த மாதிரிதான். சொன்னதைச் செய்யுங்கள் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, உள்ளே பார்த்து டீ சொன்னார். டீயும் கண்றாவியாகத்தான் இருந்தது.

ஜூன் 27, வெள்ளி

பெட்டி வந்துவிட்டது. கறுப்புப் பெயின்ட், நாலு மூலையும் உருட்டி வழவழப்பாக்கியிருக்கிறார். துரைசாமியிடம் இதை எதிர்பார்க்கவில்லை. எல்லாம் பூட்டி முடித்தால் நாலு கிலோவுக்கு மேல் வருகிறது. கம்பெனிக்கே கொண்டுபோய், பம்புகளைக் கீழே போட்டுச் சோதிக்கிற இடத்தில், இடுப்புயரத்திலிருந்து சிமென்ட் தரையில் போட்டேன். தரையில் வடு விழுந்தது. பெட்டியில் ஒன்றுமில்லை. அசிஸ்டென்ட்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்குப் புரியாது.

இன்று ஒரு பம்பு திரும்பி வந்தது. வாங்கினவன் மேல்கூட்டை உடைத்துவிட்டு, "தானாக விழுந்துவிட்டது, மாற்றித் தரவும்" என்று கேட்கிறான். தானாக எதுவும் விழாது. காரணம் என்கிற இடத்தில் 'கையாண்டவர் தவறு' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வருகிறார்கள். கூசாமல் புளுகுகிறார்கள்.

பிரவீணாவிடம் பெட்டியைக் காட்டினேன். தூக்கிப் பார்த்தாள்.

"இனிமே ஒடையாது" என்றேன்.

"இது ஒடையாதுங்க" என்றாள். பெட்டியை மெதுவாக என் மடியிலேயே வைத்தாள். ஒரு பாராட்டு கிடையாது.

ஜூலை 2, புதன்

நல்ல நாள். ஆன்லைனில் ஜோடியாக ஆடினோம். சேலத்துக்காரர்கள், சென்னைக்காரர்கள், யாரோ மலேசியத் தமிழர்கள், வந்தவர்கள் எல்லாரையும் அடித்து அனுப்பினோம். லீவர் நான் நினைக்கிற இடத்தில் நிற்கிறது. பிரவீணா ரொம்ப நாளைக்கப்புறம் சோபாவுக்கு வந்து உட்கார்ந்தாள். நடுவில் பப்ஸ் வாங்கி வந்தேன், குக்கர் ரப்பரும் ஞாபகமாக வாங்கினேன். ஒரு மலேசியாக்காரன் தோற்ற கோபத்தில் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு ஓடியபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். தோல்வியைத் தாங்கத் தெரியாத ஜென்மங்கள்.

அவளோடு ஒரே பக்கம் நின்று ஆடும்போது எனக்கு யார்மீதும் எரிச்சல் வருவதில்லை. இந்த ஊரில், இந்த உலகத்தில், எனக்கு அவள் ஒருத்திதான். இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். பப்ஸ் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

நௌஃபல் வீட்டுக்கு வந்து எங்களோடு ஆடிப் பார்த்தான். முதலில் நான், பிறகு பிரவீணா. நான் தோற்கிற இடத்திலிருந்து அவள் எடுத்து ஜெயிக்கிறாள். ஒரு தடவை ரெண்டு தடவை என்றால் பரவாயில்லை.

"அண்ணி பின்றாங்க. பெங்களூர்ல இவங்களயே முதல்ல எறக்குங்கண்ணா. நீங்க பின்னால நில்லுங்க."

என் வீட்டில், என் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, என் காப்பியைக் குடித்துக்கொண்டு சொல்கிறான். பிரவீணா பேடின் ஒயரைச் சுற்றி வைத்தாள். "அவரே முதல்ல ஆடட்டுமுங்க" என்றாள். அதில் இருந்தது மரியாதையா இரக்கமா என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அவன் போனதும் நாற்காலி மறுபடி கதவோரத்துக்குப் போய்விட்டது.

ஜூலை 12, சனி

பெட்டி நன்றாக இருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை. இன்றைக்கு எழுத வேறு ஒன்றுமில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நேற்றைக்கு எழுதாததை எழுதுகிறேன், இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவார்கள்.

சாயங்காலம் பயிற்சி ஆடினோம். அவள் ஜெயித்துக்கொண்டே இருந்தாள். கிட்டே வந்து பிடித்துத் தூக்கிப் போடுகிற ஒரே அடி. அதைத் தவிர்க்கிற வழி எனக்குத் தெரியும், நான்தான் அவளுக்கே சொல்லிக் கொடுத்தேன். ஆனால் கை போவதற்குள் தூக்கிப் போட்டுவிடுகிறாள். "போதுமுங்க, நாளைக்கு ஆடிக்கலாம்" என்றாள். இன்னொன்று என்றேன். அதிலும் தூக்கிப் போட்டாள். அப்போது பெட்டி நழுவிவிட்டது. நாலு கிலோ. அவளுடைய காலில் பட்டது.

ஆஸ்பத்திரியில் உட்கார ஒழுங்கான நாற்காலி கிடையாது. எக்ஸ்ரே எடுக்கிறவன் போனில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். டாக்டர் என்று வந்த பெண்ணுக்கு என் வயதுகூட இருக்காது. முழங்காலுக்குக் கீழே இருக்கிற சின்ன எலும்பு ஒடிந்திருக்கிறது என்றார். எப்படி அடிபட்டது என்று கேட்டார். மடியிலிருந்து நழுவி விழுந்தது என்று நான் சொன்னேன்.

"மேலருந்து விழுந்தா பாதத்துல படும். இது பக்கவாட்டுல வந்து பட்டிருக்கு. நீங்க எங்கம்மா உக்காந்திருந்தீங்க?"

"கதவுகிட்டங்க" என்றாள் பிரவீணா.

"உங்க மடியிலயா இருந்துச்சு?"

"இல்லீங்க, அவரு சோபால இருந்தாரு." ரேஷன் கடைக்கு வழி சொல்கிற மாதிரி, குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னாள். "நழுவுலீங்க டாக்டர். இவரு வீசுனாரு."

டாக்டர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். திரும்பி வந்த பம்பை நான் அப்படித்தான் பார்ப்பேன். ஆனால் பம்புக்காரர்கள் பொய் சொல்கிறார்கள். நான் அவளைக் குறிவைக்கவில்லை. அவள்மீது என்று வீசவில்லை. வெறுமனே வீசினேன்.

இந்தக் கடைசி வரியை அடிக்கலாமா என்று யோசித்தேன். மையில் எழுதியாகிவிட்டது, போகட்டும்.

ஜூலை 14, திங்கள்

உடுமலையிலிருந்து மாமனார் காரோடு வந்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "சாப்ட்டீங்களா மாப்ள?" என்று கேட்டார். சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். இந்த 'ங்க' போட்டுப் பேசுகிற மரியாதை இருக்கிறதே, அதைவிடக் கன்னத்தில் அறையலாம்.

"புள்ள கொஞ்ச நாளைக்கு நம்ம ஊட்ல இருக்கட்டுமுங்க" என்றார். எவ்வளவு நாளைக்கு என்று நான் கேட்டதற்கு, "நீ ஏறு கண்ணு" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் காரின் பின்கதவைத் திறந்தார்.

மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார அவளுக்குச் சிரமமாக இருந்தது. பிடிக்கப் போனேன். "இருக்கட்டுமுங்க" என்றாள். எனக்குத் தாங்கவில்லை. ஜன்னலோரம் குனிந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

"ஒடஞ்சா வரமாட்டேன்னுதான சொன்ன? பெட்டி ஒடையல பிரவீணா. வந்து பாரு. ஒரு கீறல் இல்ல."

அவள் மாவுக்கட்டை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அதுக்கு ஒன்னும் ஆகாதுங்க" என்றாள். மாமனார் வண்டியை எடுத்தார்.

மேல்வீட்டுக்காரி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே டவலை எவ்வளவு நேரம் காயப்போடுவாள்?

ஜூலை 17, வியாழன்

பெட்டியை முழுவதும் பிரித்துச் சோதித்தேன். லீவர், சுவிட்சு, மரை, வெல்டிங் எதிலும் குறையில்லை. ஒரு மூலையில் பெயின்ட்கூடப் போகவில்லை. பெங்களூர்க்காரர்களுக்கு என் ஜோடியின் பெயர் இருக்கட்டும், வருவாள் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். அவள் ஏற்கெனவே எழுதி, என் பெயரை எடுத்துவிட்டு நௌஃபல் பெயரைப் போட்டுவிட்டாளாம். நன்றி, அன்புடன் என்று பதில் போட்டிருக்கிறார்கள். எதற்கு நன்றி, யாருக்கு அன்பு?

நௌஃபலுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. உடுமலைக்குச் செய்தேன். மாமனார் எடுத்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

சமைக்கவில்லை. ஓட்டலில் சாம்பார் சகிக்கவில்லை.

ஜூலை 26, சனி

பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன். மத்தியானம் நேரலையைப் போட்டேன்.

மண்டபம் மட்டமான மண்டபம். பின்னால் விளம்பரப் பேனர் கோணலாகத் தொங்குகிறது. வர்ணனை செய்கிற இரண்டு பேருக்கும் ஆட்டம் தெரியவில்லை, கத்த மட்டும் தெரிகிறது. நௌஃபல் அந்த டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு முதல் எதிராளியிடமே தோற்றான். எதிர்பார்த்ததுதான்.

பிறகு பிரவீணா வந்தாள். மாவுக்கட்டுக் காலை எதிரில் இருந்த ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்தாள். பச்சைச் சுடிதார். நான் பார்த்ததில்லை, புதிதாக எடுத்திருக்கிறாள். அந்தப் பையனையும் அவனுடைய ஜோடியையும் அடித்தாள். அடுத்த ஜோடியில் இரண்டு பேரையும் தனியாகவே அடித்தாள். நான் வாய்விட்டு, தடு, தடு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். தொண்டை கட்டிய பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது சுற்றில் மங்களூர்க்காரன் ஒருவனிடம் கடைசி நொடியில் தோற்றாள். கேவலமான தோல்வி. கடைசி அடி விழுவதற்கு முந்தின கணம்வரை அவள்தான் முன்னால் இருந்தாள், பட்டன் ஒரு துளி தாமதமாக விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கேமரா அவளைக் காட்டியது. கண்ணை ஒரு தடவை இறுக மூடித் திறந்தாள். வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது. பேடை மேஜைமீது வைத்தாள். மங்களூர்க்காரனுக்குக் கை கொடுத்தாள். நௌஃபல் ஏதோ சொன்னான், சிரித்தாள். சண்டை விளையாட்டு ஆட வந்துவிட்டுத் தோற்ற இடத்தில் சிரிக்கிறாள் என்று எழுத ஆரம்பித்தேன்.

அந்த இடத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். கண்ணை மூடுகிறாள், திறக்கிறாள், பேடை வைக்கிறாள். வைத்த சத்தமே வரவில்லை. மறுபடி ஓட்டிப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கிறவன் நான், எத்தனை தடவை ஓட்டினாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு வருத்தத்தோடு இருக்கிற ஒரு கை எப்படி அதைக் கீழே வைக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.